ஐந்து நிமிட வலு: போர்விமான இயந்திரங்களும் அவற்றின் சமூக அடித்தளமும்

இரண்டாம் உலகப் போரின் ஆகாயச் சமர்கள் பற்றிய நூல்கள் பெரும்பாலும் விமானிகளின் தீரத்தையோ வடிவமைப்பாளரின் மேதைமையையோ மையமாகக் கொண்டு எழுதப்பட்டவை. இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போதும் பரிவலுத் தொகைகளைப் பட்டியலிடுவதோடு அவை அமைந்துவிடுகின்றன. அத்தொகைகளுள் மிக உயர்ந்ததன் அருகே வழக்கமாக ஒரு கால வரையறை காணப்படும்: ஐந்து நிமிடம் மட்டும். இவ்வரையறை எதனைக் காப்பதற்காக விதிக்கப்பட்டது? அதன் உச்சத்தை உயர்த்த முடிந்தபோது அது எவருடைய உழைப்பினால் சாத்தியமாயிற்று? இவ்வினாக்களையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

முசல இயந்திரமொன்றின் வலு, அது எரிக்கும் காற்றினதும் எரிபொருளினதும் அளவைப் பொறுத்தது. காற்றை அமுக்கி உருளைகளுக்குள் கூடுதலாகச் செலுத்தினால் வலு பெருகும். ஆனால் அமுக்கமும் வெப்பநிலையும் ஓர் எல்லையைத் தாண்டியதும் கலவை சீராக எரியாது, தானாகவே வெடிக்கத் தொடங்கும், முசலங்கள் சிதைந்துவிடும். இவ்வெல்லையை நிர்ணயிப்பவற்றுள் முதன்மையானது எரிபொருளின் ஒக்டேன் தரமாகும். வெடிப்பு நிகழாதவிடத்தும் மிகையான வெப்பமும் சுமையும் இயந்திரத்தை விரைவில் தேய்த்துவிடும். ஆகவே அவசர வலு என்பது, இயந்திரத்தின் எஞ்சிய ஆயுளிலிருந்து முன்கூட்டியே பெறப்படும் கடனேயாகும்.

பிரித்தானியாவின் ஸ்பிற்பயர், ஹரிக்கேன் விமானங்களில் பொருத்தப்பட்ட மேர்லின் 3 இயந்திரம் இதற்குத் தக்க சான்றாகும். 87 ஒக்டேன் எரிபொருளில் அதன் மிகையமுக்கம் சதுர அங்குலத்துக்கு 6¼ இறாத்தலாக வரையறுக்கப்பட்டிருந்தது. வலு ஏறத்தாழ 1,030 பரிவலு. 1940 இல் 100 ஒக்டேன் எரிபொருள் படைப்பிரிவுகளை அடைந்ததும், ஐந்து நிமிடங்களுக்கு 12 இறாத்தல் அமுக்கம் அனுமதிக்கப்பட்டது. தாழ்ந்த உயரங்களில் வலு ஏறத்தாழ 1,300 பரிவலுவாக உயர்ந்தது. காற்று ஐதான பேருயரங்களில் இதனால் பயன் கிட்டவில்லை. 1940 ஓகஸ்ட் 1 இல், போர்விமானப் படைத் தளபதி டௌடிங் தம் பிரிவுகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தார். விமானிகளிற் சிலர் தக்க காரணமின்றியே இவ்வசர வலுவைப் பயன்படுத்துவதை அது கண்டித்தது. நிருவாகத்தின் கணக்கில் இயந்திரத்தின் ஆயுள் மணித்தியாலங்களில் அளக்கப்பட்டது; எதிரி பின்தொடர்கையில் விமானியின் ஆயுளோ விநாடிகளில் அளக்கப்பட்டது. ஐந்து நிமிடம் என்னும் விதி இவ்விரு கணக்குகளுக்குமிடையே செய்துகொள்ளப்பட்ட ஓர் உடன்படிக்கை என்பதே எமது கருத்தாகும். 1942 ஏப்பிரலில் இரத்மலானையிலிருந்தும் சீனன்குடாவிலிருந்தும் எழுந்து யப்பானிய விமானங்களை எதிர்கொண்ட ஹரிக்கேன்களும் மேர்லின் இயந்திரங்களையே கொண்டிருந்தன.

இனி, அந்த எரிபொருளின் பூர்வீகத்தை நோக்குவோம். ஒக்டேன் தரத்தை உயர்த்தும் டெட்ரா எதைல் ஈயத்தின் ஆற்றலை 1921 இல் ஐக்கிய அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். 1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சியிலுள்ள பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் இந்நச்சுப் பொருளைத் தயாரித்த தொழிலாளருள் ஐவர் உயிரிழந்தனர். மேலும் பலர் நோயுற்றனர். போர்க்காலத்தில் உயர்தர விமான எரிபொருள் ஈரானின் அபடானிலும் உற்பத்தி செய்யப்பட்டது. அங்கு உழைத்தோர் 1946 இல் ஊதியமும் வாழ்க்கை நிலையும் குறித்துப் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். 1951 இல் ஈரான் தன் எண்ணெயைத் தேசியமயமாக்கியது. விமானியின் கைக்கெட்டிய மேலதிகப் பரிவலுவுக்குப் பின்னால் இம்மனிதர்கள் நின்றனர்.

ஜேர்மனியின் நிலை வேறு. கடல்வழி எண்ணெய் கிடைக்காத அந்நாடு, நிலக்கரியிலிருந்து ஐதரசனேற்ற முறையால் விமான எரிபொருளைப் பெற்றது. அதன் டி.பி. 605 இயந்திரத்தின் உச்ச வலு, இயந்திரங்கள் பழுதடைந்தமையால் 1943 இன் பிற்பகுதிவரை பெரும்பாலும் தடைசெய்யப்பட்டிருந்தது. 1944 இல் மெதனோலும் நீரும் கலந்த திரவத்தை உட்செலுத்தும் முறை பரவலாயிற்று. திரவம் ஆவியாகும்போது கலவை குளிர்வடைவதால் வெடிப்பு தவிர்க்கப்பட்டது. வலு சிறிது நேரத்துக்கு ஏறத்தாழ 1,800 பரிவலுவைத் தொட்டது. அமெரிக்கரும் தம் தண்டர்போல்ட் விமானத்தில் நீருட்செலுத்தலின்மூலம் 2,000 பரிவலுவை 2,300 ஆக உயர்த்தினர். நுட்பத்தில் இரு தரப்பினரும் ஒத்திருந்தனர், அடித்தளத்திலேயே வேறுபட்டனர். ஐ.ஜி. பார்பன் நிறுவனம் அவுஷ்விற்சை அடுத்த மொனோவிற்சில் தடுப்புமுகாம் கைதிகளை வதைத்து எழுப்பிய ஆலையில் உற்பத்தியான பொருள்களுள் மெதனோலும் ஒன்று. 1944 மே 12 இல் லொய்னா முதலிய செயற்கை எரிபொருள் ஆலைகள் மீது குண்டுவீச்சுத் தொடங்கியது. அவ்வாலைகள் ஏப்பிரலில் வழங்கிய 175,000 தொன் விமான எரிபொருள் யூலையில் 30,000 தொன்னாகவும் செப்ரெம்பரில் 5,000 தொன்னாகவும் வீழ்ந்தது. சிறந்த இயந்திரங்கள் தரையிலேயே நின்றன. புதிய விமானிகளுக்குப் பயிற்சியளிக்கவும் எரிபொருள் போதவில்லை.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? தொழில்நுட்பம் தனித்து இயங்கும் சக்தியன்று. அதன் உச்ச எல்லையை உலோகமும் வெப்பமும் மட்டும் வகுப்பதில்லை. மூலப்பொருள்கள் மீதான ஆதிக்கமும், உழைப்போர்மீது சுமத்தப்பட்ட நிபந்தனைகளும் சேர்ந்தே வகுக்கின்றன. வலுவைப் பயன்படுத்தியவரின் பெயர்கள் போர் வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. அவ்வலுவை ஆக்கியோர் எண்ணிக்கைகளாகவே எஞ்சியுள்ளனர். ஐந்து நிமிட வலுவின் முழு வரலாற்றை எழுத முனைவோர், விமானியின் இருக்கையிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்தின் வாயில்வரை செல்லக் கடமைப்பட்டவராவர்.