அறுவைக்கு முந்தைய கீமோதெரபி: மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் ஒரு மாற்றத்தின் வரலாறு

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்வதற்கு முன்பே சில மாதங்கள் மருந்து செலுத்திக் கட்டியைச் சுருக்கும் முறை, அறுவைக்கு முந்தைய கீமோதெரபி எனப்படுகிறது. பெரிய கட்டி உள்ளவர்கள், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியவர்கள், வேகமாக வளரும் சில வகைப் புற்றுநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இன்று இம்முறை பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இதை மேற்கொள்ளும் பெண் ஐந்தாறு மாதங்கள் வரை கட்டியை உடலில் வைத்துக்கொண்டே வாழ வேண்டியிருக்கும். கட்டி தெரிந்தவுடன் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்பதே நெடுங்காலம் மருத்துவத்தின் விதியாக இருந்தது. அந்த விதி தளர மூன்று மாற்றங்கள் தேவைப்பட்டன. நோயறிதலும் அறுவையும் தனித்தனியாகப் பிரிந்தன. காத்திருப்பதால் உயிர்வாழும் வாய்ப்பு குறைவதில்லை என்று நிறுவப்பட்டது. மருந்தின் பக்கவிளைவுகளைத் தாங்கிக்கொள்ளும் வழிகள் கிடைத்தன.

உடனடி அறுவையின் காலம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குள் நிணநீர்க் கணுக்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்து அகற்றும் அறுவையின் முடிவுகளை 1894இல் வெளியிட்டார். புற்றுநோய் தோன்றிய இடத்திலிருந்து படிப்படியாக வெளிநோக்கிப் பரவுகிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது அவரது கருத்து. அதன் பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இந்த அறுவையே முதன்மைச் சிகிச்சையாக நீடித்தது. கை வீக்கமும் தோள் அசைவுக் குறைவும் பலருக்கு வாழ்நாள் துணையாயின.

இந்த அறுவையாலும் பயன்பெறாத ஒரு பிரிவினர் இருந்தனர். தோல் தடித்து வீங்கியோ புண்ணாகியோ போன முற்றிய கட்டிகளை அறுத்தாலும் நோய் விரைவில் திரும்புகிறது என்பதை ஹாகென்சன், ஸ்டவுட் ஆகிய நியூயார்க் மருத்துவர்கள் 1943இல் எடுத்துக்காட்டினர். இத்தகைய நோயாளர்களுக்கு அறுவை செய்யக் கூடாது என்று அவர்கள் வகுத்தனர். ஆனால் அறுவைக்குப் பதிலாகத் தருவதற்கு அன்று முதன்மையாகக் கதிர்வீச்சே இருந்தது.

இரண்டு படிகளாகப் பிரிந்த சிகிச்சை

1970களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் நோயறிதலும் அறுவையும் பெரும்பாலும் ஒரே மயக்கத்தில் நடந்தன. பெண்ணுக்கு மயக்கமருந்து கொடுத்துக் கட்டியின் ஒரு பகுதியை எடுப்பார்கள். அதை உறையவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் அப்போதே மார்பகம் அகற்றப்படும். கண் விழிக்கும்போது மார்பகம் இருக்குமா இருக்காதா என்பது தெரியாமலேயே அவள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருப்பாள்.

1974இல் தன் மார்பில் கட்டியைக் கண்ட பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் இதை ஏற்க மறுத்தார். முதலில் திசுச்சோதனை மட்டும், முடிவைத் தெரிந்துகொண்டு யோசித்த பிறகே அறுவை என்பது அவரது கோரிக்கை. 1975இல் இது பற்றி நூல் எழுதினார். 1979இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். திசுச்சோதனையையும் அறுவையையும் பெரும்பாலான நோயாளர்களுக்கு இரண்டு படிகளாகச் செய்ய வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. நோய் உறுதியான நாளுக்கும் அறுவை நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி இவ்வாறு உருவானது. பிற்காலத்தில் கீமோதெரபி அந்த இடைவெளியில்தான் வந்து அமர்ந்தது.

மருந்துகளின் வருகை

புற்றுநோய் மருந்துகளின் தொடக்கம் போர்க்கால ஆய்வில் இருக்கிறது. நச்சுவாயுவோடு தொடர்புடைய நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் சேர்மத்தை யேல் பல்கலைக்கழகத்தின் குட்மனும் கில்மனும் 1942இல் நிணநீர்ப் புற்றுநோய் உள்ள ஒருவருக்குச் செலுத்திப் பார்த்தனர். கட்டிகள் தற்காலிகமாகச் சுருங்கின. அதே குடும்பத்தைச் சேர்ந்த சைக்ளோபாஸ்பமைடு 1950களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்தது. இத்தாலிய மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் வழியில் கிடைத்த செந்நிற மருந்தான டாக்சோரூபிசின் 1974இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஏட்ரியாட்டிக் கடலின் நினைவாக அதற்கு ஏட்ரியாமைசின் என்று வணிகப் பெயர் இட்டனர்.

இதே காலத்தில் பிட்ஸ்பர்க் அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் ஹால்ஸ்டெட்டின் கருத்தை எதிர்த்தார். மார்பகப் புற்றுநோயின் அணுக்கள் தொடக்கத்திலேயே இரத்தத்தின் வழியே உடலெங்கும் போயிருக்கக்கூடும். அப்படியானால் எவ்வளவு அகலமாக வெட்டினாலும் பயனில்லை, உடல் முழுவதற்குமான மருந்து வேண்டும் என்றார். 1971இல் தொடங்கிய அவரது ஆய்வில் 1,600க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். தசைகளை அகற்றும் பெரிய அறுவைக்கும் அவற்றை விட்டுவைக்கும் அறுவைக்கும் உயிர்வாழ்வில் வேறுபாடு காணப்படவில்லை. 1976இல் மிலான் நகரின் ஜியானி பொனடோனா, அறுவைக்குப் பின் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று 386 பெண்களிடம் செய்த ஆய்வின் வழியே காட்டினார்.

முதலில் மருந்து, பிறகு அறுவை

மருந்தை அறுவைக்கு முன்னால் கொண்டுவரும் முயற்சி, அறுவைக்கு உகந்தவர்கள் அல்லர் என்று ஒதுக்கப்பட்டவர்களிடமே தொடங்கியது. முற்றிய கட்டியுள்ள பெண்களுக்கு மிலான் மருத்துவர்கள் 1970களில் முதலில் டாக்சோரூபிசினும் வின்கிரிஸ்டினும் கொடுத்தனர். பலருக்குக் கட்டி சுருங்கி அறுவையோ கதிர்வீச்சோ செய்ய வழி பிறந்தது. பின்னர் இம்முறை, முழு மார்பகத்தையும் இழக்க வேண்டிய அளவுக்குப் பெரிய, ஆனால் முற்றாத கட்டியுள்ளவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

அறுவையைத் தள்ளிப்போடுவது ஆபத்தா என்ற கேள்வி எஞ்சியிருந்தது. அதற்கு விடை தேடிய ஆய்வு பி-18 என்று அறியப்படுகிறது. 1988 முதல் 1993 வரை ஃபிஷரின் குழு 1,523 பெண்களை அதில் சேர்த்தது. பாதிப் பேருக்கு நான்கு சுற்று மருந்து முடிந்தபின் அறுவை. மற்றப் பாதிப் பேருக்கு அறுவை முடிந்தபின் அதே மருந்து. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு இரு பிரிவிலும் 100க்கு ஏறத்தாழ 70 பேர் உயிருடன் இருந்தனர். முன்பே மருந்து பெற்றவர்களில் 100க்கு 80 பேருக்குக் கட்டி பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கியது. மார்பகத்தைக் காக்கும் அறுவை அவர்களில் 100க்கு 68 பேருக்கும், மற்றவர்களில் 100க்கு 60 பேருக்கும் பொருந்தியது. மருந்து கொடுக்கும்போதே கட்டி வளர்ந்தவர்கள் மிகச் சிலரே.

காத்திருப்பதால் ஆயுள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆயினும் அறுத்தெடுத்த திசுவில் புற்றணு எதுவும் மிஞ்சாதவர்கள் மற்றவர்களைவிட நெடுங்காலம் வாழ்ந்தனர். மருந்து குறிப்பிட்ட ஒருவரின் நோயில் வேலை செய்கிறதா என்பதை அறுவைக்கு முன்பே காண முடிந்தது புதிய பயனாக அமைந்தது.

தாங்கிக்கொள்ளும் வழிகள்

பொனடோனாவின் மருந்துகளைப் பெற்ற பெண்களின் 20 ஆண்டு விவரங்கள் 1995இல் வெளியாயின. திட்டமிட்ட அளவில் 85 விழுக்காடேனும் பெற்றவர்களுக்கே நன்மை மிகுதியாகக் கிடைத்திருந்தது. ஆகவே மருந்தைத் தாங்கிக்கொள்ளச் செய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி ஆயிற்று.

வாந்தியே முதல் தடையாக இருந்தது. 1980களில் மருத்துவமனையின் வாசனையை உணர்ந்ததுமே குமட்டல் வந்த நோயாளர்கள் இருந்தனர். சிலர் அதனாலேயே சிகிச்சையைப் பாதியில் கைவிட்டனர். குமட்டலைத் தூண்டும் செரட்டோனின் ஏற்பியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதும் இந்நிலை பெரிதும் மாறியது. வாந்தி தொடங்கும் முன்பே மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நடைமுறை. அதே ஆண்டில் ஒப்புதல் பெற்ற ஃபில்கிராஸ்டிம் ஊசி, குறைந்துபோன வெள்ளணுக்கள் விரைவில் பெருக உதவியது. வெள்ளணுக்கள் பொதுவாக ஒவ்வொரு சுற்றிலும் இரண்டாம் வாரத்தையொட்டி மிகக் குறையும். அந்நாட்களில் 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல் வந்தால் வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும் என்பது எங்கும் சொல்லப்படும் அறிவுரை.

முடி பொதுவாக முதல் மருந்துக்குப் பின் இரண்டு, மூன்று வாரங்களில் உதிரத் தொடங்கும். நோயை ஊருக்குச் சொல்லிவிடும் அடையாளம் இது என்பதால் பலருக்கு மற்றத் துன்பங்களைவிட இது பெரிதாகத் தோன்றுகிறது. தலையைக் குளிர்வித்தால் இரத்தக்குழாய்கள் சுருங்கி முடிவேருக்குச் செல்லும் மருந்து குறையும் என்ற எண்ணத்தில் 1970களிலேயே பனிக்கட்டிப் பைகள் முயன்று பார்க்கப்பட்டன. குளிர்விப்புத் தொப்பி ஒன்றுக்கு அமெரிக்கா 2015இல் அனுமதி அளித்தது. அது எல்லோருக்கும் பலன் தருவதில்லை. சோர்வுக்கு முன்பு ஓய்வே மருந்தாகச் சொல்லப்பட்டது. இயன்ற அளவு நடக்குமாறு இன்று பரிந்துரைக்கப்படுகிறது.

மனத்துயரும் மெல்ல மருத்துவத்தின் கவனத்துக்கு வந்தது. 1977இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மருத்துவர் புற்றுநோயாளர்களுக்கான மனநலப் பிரிவைத் தொடங்கினார். கட்டி உள்ளேயே இருக்கிறது என்ற அச்சம், ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தைய இரவின் தூக்கமின்மை, வீட்டாரிடம் சொல்ல இயலாத எரிச்சல் ஆகியவை நோயாளியின் பலவீனங்களாக அல்லாமல் கேட்டறிந்து உதவ வேண்டிய துன்பங்களாகக் கருதப்படலாயின.

அடையாறில்

சென்னையில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்த பெண்களில் பலர், கட்டி பெரிதான பின்னரே வந்தனர். மேலைநாடுகளில் மார்பகத்தைக் காக்கும் விருப்பத்தேர்வாகவும் வளர்ந்த இம்முறை இங்கே தேவையாகவே அமைந்தது. அங்கு மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை செய்யும் வழக்கம் ஏற்பட்டது. 1990 முதல் 1999 வரை இவ்வாறு சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை மருத்துவர் வி. சாந்தாவும் உடன் பணியாற்றியோரும் 2008இல் வெளியிட்டனர்.

இன்றைய நிலை

2013இல் பெர்டுசுமாப் என்னும் மருந்து அறுவைக்கு முந்தைய பயன்பாட்டுக்கென்றே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; மார்பகப் புற்றுநோயில் இவ்வாறு ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அது. அறுவைக்குப் பின் திசுவில் புற்றணு மிஞ்சியிருந்தால் கூடுதல் மருந்து பயன் தரும் என்பதைச் சில வகை நோய்களில் 2017க்குப் பின் வந்த ஆய்வுகள் காட்டின. முழுமையாகப் பலன் கிடைக்காதவர்களுக்கும் அடுத்த படி ஒன்று உண்டு என்று இன்று சொல்ல முடிகிறது.

மருந்து தொடங்கும் முன் கட்டிக்குள் சிறிய உலோக அடையாளம் ஒன்றைப் பொருத்துவது இன்று வழக்கம். கட்டி கண்ணுக்கும் கைக்கும் தெரியாமல் மறைந்துவிட்டால் எங்கே அறுப்பது என்று மருத்துவர் அறிய அது உதவும். அறுவை, வழக்கமாகக் கடைசி மருந்துக்குப் பின் சில வாரங்கள் கழித்து, இரத்த அணுக்கள் தேறிய பிறகு நடைபெறுகிறது.