ஷென்மூ 4 வேண்டுமா? இன்னும் தீராத ஒரு வழக்கு

ஆர்கேட் காலத்து ஆட்களிடம் யூ சுஸுகி பெயரைச் சொன்னால் வேகம்தான் நினைவுக்கு வரும். சேகா நிறுவனத்தில் அவர் செய்தவை அப்படி: ஹேங்-ஆனில் பைக் பறக்கும், அவுட் ரன்னில் கார் பறக்கும், ஸ்பேஸ் ஹாரியரில் ஆளே பறந்து பறந்து சுடணும். காசு போட்டவர் சில நிமிஷத்தில் தோற்று எழுந்தால்தான் கடைக்காரருக்கு லாபம். அந்தக் கணக்கிலேயே வருஷக்கணக்கில் வேலை பார்த்த மனுஷன், 1999 டிசம்பர் 29 அன்று, ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் கதாநாயகனைத் தூங்கக்கூட விடாத ஒரு கேமை ஜப்பானில் வெளியிட்டார். அதுதான் ஷென்மூ. அதற்கு நான்காவது பாகம் வரணுமா, வரத் தகுதி இருக்கிறதா என்று ரசிகர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையின் வரலாறுதான் இந்தப் பதிவு. (மூன்று பாகங்களின் முடிவுகளும் வரும். விளையாடப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

கதை சாதாரணப் பழிவாங்கும் கதை. 1986 நவம்பர், ஜப்பானின் யோகோசுகா. பனி பெய்யும் ஒரு நாளில் லான் டி என்ற சீனன் வந்து ரியோ ஹசுகியின் அப்பாவை அவன் கண்ணெதிரே கொன்றுவிட்டு, ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு போகிறான். ரியோ அவனைத் தேடிக் கிளம்புகிறான். புரூஸ் லீ படம் என்றால் அடுத்த ரீலில் ஹாங்காங் வந்திருக்கும். ஷென்மூவில் ரியோ பக்கத்துத் தெருவுக்குப் போய், அன்றைக்குக் கறுப்புக் காரைப் பார்த்தீர்களா என்று வீடு வீடாகக் கேட்கிறான். கடை பத்து மணிக்குத் திறக்கும் என்றால் பத்து வரை காத்திருக்கணும். காத்திருக்கும் நேரத்தைத் தள்ளிவிட முதல் பாகத்தில் பொத்தானே கிடையாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இனே-சான் தினமும் 500 யென் கைச்செலவுக்கு வைப்பார். அதை எடுத்துப் போய் கடை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் குட்டிப் பொம்மை வாங்கலாம், ஆர்கேடில் ஹேங்-ஆன் விளையாடலாம். வீட்டில் அலமாரி இழுப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். உள்ளே ஒன்றும் இருக்காது, ஆனாலும் திறக்கலாம். 1986இல் யோகோசுகாவில் உண்மையில் இருந்த வானிலையைக்கூட சேர்த்திருந்தார்கள்.

கேமின் பின்பகுதியில் ரியோவுக்குத் துறைமுகத்தில் ஒரு வேலை கிடைக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டணும். காலையில் ஊழியர்களோடு ஃபோர்க்லிஃப்ட் பந்தயம், பிறகு மத்தியானம் வரை பெட்டி அடுக்குதல், சாப்பாடு, மறுபடி பெட்டி, சாயங்காலம் வீடு. இப்படிப் பல நாள். அப்பாவைக் கொன்றவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான், மகன் இங்கே பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறான்.

அந்த ஃபோர்க்லிஃப்ட்டில்தான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒரு பாதிக்கு அது கதையைத் தடுக்கும் சுவர். இன்னொரு பாதிக்கு அதுதான் கேம். இரண்டு பேரும் ஒரே கேமை வாங்கி, ஒரே கேமை "பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு, பல வருஷம் ஒரே கூட்டமாக இருந்தார்கள். பின்னால் வரும் கலாட்டாவுக்கெல்லாம் காரணம் இதுதான்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். விளம்பரச் செலவோடு சேர்த்து 4.7 கோடி டாலர் ஆனது என்று 2011இல் சுஸுகியே சொன்னார். அந்தக் காலத்துக்கு அது பயங்கரமான தொகை. விற்றது சுமார் 12 லட்சம். கேட்க நல்ல எண்ணிக்கைதான், ஆனால் அந்தச் செலவுக்குப் பத்தாது. அது ஓடின ட்ரீம்காஸ்ட் கன்சோலே உலகம் முழுக்க 90 லட்சத்தை ஒட்டித்தான் விற்றது. நம்மூரில் அதை வைத்திருந்த யாரையும் நான் பார்த்ததில்லை. 2001 ஜனவரி கடைசியில் சேகா அதன் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. செத்துப்போன கன்சோலுக்குத்தான் அதே வருஷம் செப்டம்பரில் ஷென்மூ 2 வந்தது. அமெரிக்காவில் ட்ரீம்காஸ்டுக்கு அது வரவே இல்லை. 2002இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில்தான் அங்கே கிடைத்தது. முதல் பாகத்தை ஒரு கன்சோலில் விளையாடியவர் இரண்டாம் பாகத்துக்கு வேறு கன்சோல் வாங்க வேண்டியிருந்தது.

ஷென்மூ 2 வெளியான அடுத்த மாதம், 2001 அக்டோபரில், கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3 வந்தது. அதற்கு முன் ஒரு முப்பரிமாண ஊருக்குள் சுதந்திரமாக நடக்கும் கேம் எவ்வளவு வேகமாக இருக்கணும் என்று யாரிடமும் உறுதியான அளவுகோல் இல்லை. முதல் பாகம் வந்தபோதே "போரடிக்குது" என்று சொன்னவர்கள் உண்டு, ஆனால் எதோடு ஒப்பிட்டுச் சொல்வது? இப்போது அளவுகோல் வந்துவிட்டது. அங்கே தெருவில் போகும் எந்தக் காரையும் பிடுங்கிக்கொள்ளலாம், ஊர் உடனே கத்தும், போலீஸ் துரத்தும். ஷென்மூவில் தெருவில் போகிறவரிடம் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: மரியாதையாக வழி கேட்பது. ஷென்மூவை "மெதுவான கேம்" ஆக்கியதில் சுஸுகிக்கு எவ்வளவு பங்கோ, கிட்டத்தட்ட அதே அளவு அந்த அக்டோபருக்கும் உண்டு. சேகாவே பாடம் படித்துக்கொண்டது. 2005இல் அவர்கள் தொடங்கிய யாகுஸா தொடரிலும் சின்னப் பேட்டை, ஆர்கேட், சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு. ஆனால் பத்தடிக்கு ஒரு சண்டை வைத்துவிட்டார்கள், யாரும் கொட்டாவி விடவில்லை.

இரண்டாம் பாகத்தின் முடிவு இன்னொரு கொடுமை. ஹாங்காங், கௌலூன் எல்லாம் சுற்றி, ரியோ குயிலின் மலைப்பக்கம் போய், முதல் பாகத்திலிருந்து கனவில் மட்டும் வந்துகொண்டிருந்த ஷென்ஹுவாவைச் சந்திக்கிறான். இரண்டு பேரும் ஒரு குகைக்குள் போகிறார்கள். சுவரில் அந்தக் கண்ணாடிகளின் பிரம்மாண்டமான உருவங்கள். ஒரு வாள் தானாக அந்தரத்தில் எழும்புகிறது. முற்றும். அந்தக் குகைக்குள் ரசிகர்கள் 14 வருஷம் நின்றார்கள்.

நடுவில் இணையத்தில் விளையாடும் ஷென்மூ ஒன்றை அறிவித்துக் கைவிட்டார்கள், கைப்பேசிக்கு ஒன்று விட்டு மூடினார்கள். இதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது ரசிகர்களைப் பற்றி. ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி எல்லோரும் ஒரே நேரத்தில் ட்விட்டரில் சேகாவையும் சோனியையும் கூப்பிட்டு மூன்றாவது பாகம் கேட்பது என்று வைத்துக்கொண்டார்கள். வெளியாட்களுக்கு அது கேலிக்கூத்து. "ஷென்மூ 3 வரும்" என்பது கேம் உலகத்தில் நடக்காத காரியத்துக்கு உதாரணமாகவே ஆகிப்போயிருந்தது.

2015 ஜூனில், லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஈ3 கண்காட்சியில், சோனியின் மேடையில் சுஸுகி ஏறி, மூன்றாம் பாகத்துக்கு கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் நிதி கேட்கப்போவதாகச் சொன்னார். கேட்டது 20 லட்சம் டாலர். ஒன்பது மணி நேரத்துக்குள் சேர்ந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து மூடியபோது 69,320 பேர் கொடுத்தது 63 லட்சம் டாலருக்கு மேல். வெளியிலிருந்தும் பணம் வந்தது என்றாலும், முதல் பாகத்துக்குச் செலவான தொகையோடு வைத்துப் பாருங்கள்: ரசிகர் பணம் அதில் ஏழில் ஒரு பங்கு. முதல் பாகத்தின் ஊரை இந்தக் காசில் மறுபடி கட்ட முடியாது என்று அப்போதே தெரிந்திருக்கணும். யாரும் அதைப் பேசவில்லை, சந்தோஷத்தில் இருந்தார்கள்.

அந்த 69,320 பேரும் எதற்காகக் கொடுத்தார்கள் என்று அன்றைக்கு யாரும் பிரித்துக் கேட்கவில்லை. ஒரு சாரார் லான் டியின் கதையை முடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு சாரார் மறுபடியும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கொடுத்தார்கள். முதல் விரிசல் வேறொரு விஷயத்தில் வந்தது. 2019 ஜூனில், கம்ப்யூட்டர் பதிப்பு முதலில் எபிக் கடையில் மட்டும்தான் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். ஸ்டீமில் வரும் என்று நம்பிக் கொடுத்தவர்கள் கொதித்தார்கள், கடைசியில் வேண்டுமென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். பெரிய விரிசல் கேம் வந்ததும் வந்தது.

2019 நவம்பர் 19. ஷென்மூ 3 அந்தக் குகையிலேயே தொடங்குகிறது. பாதிக் கேம் பைலு என்ற கிராமத்தில். ரியோ ஒரு ரவுடியிடம் தோற்பான். அவனை ஜெயிக்க ஒரு வித்தை தெரிந்த கிழவரைத் தேடிப் போவான். கிழவர் விலை உயர்ந்த மது கேட்பார். அதை வாங்க விறகு வெட்டணும், மூலிகை பறித்து விற்கணும். அடுத்த பாதியில் நியாவூ என்ற துறைமுக ஊர், கிட்டத்தட்ட இதே சுற்று மறுபடி. போதாததற்கு ஓடினால் தெம்பு குறையும், குறைந்தால் சாப்பிடணும், சாப்பாட்டுக்குக் காசு வேணும். ஃபோர்க்லிஃப்ட்டும் இருக்கிறது, கவலை வேண்டாம். கடைசியில் ஒரு கோட்டையில் லான் டி எதிரே வருகிறான். ரியோ தோற்கிறான். கோட்டை எரிகிறது. ரியோ, ஷென்ஹுவா, ஹாங்காங் நண்பன் ரென் மூன்று பேரும் சீனப் பெருஞ்சுவரில் நடந்து போகிறார்கள். முற்றும். முழுக்கதையில் இத்தோடு சுமார் 40 சதவீதம்தான் ஆகியிருக்கும் என்று சுஸுகி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

18 வருஷம் காத்திருந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? முடிவுக்காகக் காசு கொடுத்தவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரர்கள், 2001லிருந்து ஒரு நாள்கூட நகராத மாதிரியே செய்திருக்கிறார் என்று நெகிழ்ந்தார்கள். இரண்டு தரப்பும் சொன்ன வாக்கியம் ஒன்றேதான்: "அப்படியே பழைய ஷென்மூ மாதிரியே இருக்கு." ஒருவருக்கு அது வசை, மற்றவருக்கு வாழ்த்து.

அதன் பிறகு நான்காம் பாகம் பற்றிய விவாதம் பெரும்பாலும் "மெதுவான கேமுக்கு இந்தக் காலத்தில் இடமிருக்கா" என்ற திசையில்தான் ஓடுகிறது. இது தப்பான திசை என்று நினைக்கிறேன். ஷென்மூ 3 வருவதற்குப் பதினொரு நாள் முன்னால், 2019 நவம்பர் 8 அன்று, ஹிடியோ கோஜிமாவின் டெத் ஸ்ட்ராண்டிங் வந்தது. முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு, தடுக்கி விழாமல், மலை ஏறி இறங்கிப் பார்சல் கொடுக்கும் கேம். ரசிகர்களை இரண்டாகப் பிளந்ததில் ஷென்மூவுக்குக் கொஞ்சமும் குறையாதது. அதன் இரண்டாம் பாகம் 2025 ஜூனில் வந்தேவிட்டது. 2018இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் குதிரையைத் தேய்த்துவிடுவதும், இழுப்பறையைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுப்பதும் ஷென்மூ பள்ளிக்கூடத்துப் பாடம்தான். அது கோடிக்கணக்கில் விற்றது. மெதுவுக்கு இடமில்லை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் காட்டலாம். கோஜிமாவுக்குப் பின்னால் சோனியின் பணம் இருந்தது. சுஸுகிக்குப் பின்னால் இருந்தவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஷென்மூ 3இன் கோளாறு மெதுவில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது. முதல் பாகத்தில் தினம் தினம் அதே தெரு, அதே ஆட்கள், அதே இனே-சான் என்று நம்மைச் சலிக்கச் சலிக்க நடக்கவைத்தது எதற்கு? கடைசியில் ரியோ கப்பலேறி அந்த ஊரை விட்டுப் போகிறான். திரும்பி வருவானா தெரியாது. ஊர் நமக்குப் பழகியிருந்தால்தானே அந்தப் பிரிவு வலிக்கும்? அந்த ஃபோர்க்லிஃப்ட் நாட்களுக்கும் வேலை அதுதான். பைலுவில் அப்படி எதுவும் இல்லை. ஒரு வாரம் விறகு வெட்டிவிட்டுக் கிளம்பும்போது அது வழியில் தங்கிய ஊர் மட்டும்தான். மூன்றாம் பாகத்தில் எனக்குப் பிடித்தது தொலைபேசி. ரியோ அங்கிருந்து யோகோசுகாவுக்கு, இனே-சானுக்கும் நொசோமிக்கும் போன் போட்டுப் பேசலாம். கதைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சுகளில் மட்டும் பழைய ஷென்மூ முழுசாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே விட்டுவந்த ஒன்று இருக்கிறது.

இந்த வழக்கில் மூன்றாவது தரப்பும் உண்டு: கேம் வேண்டாம், மிச்சக் கதையை நாவலாகவோ காமிக்ஸாகவோ சொல்லி முடித்துவிடுங்கள் என்பவர்கள். நியாயமாகத்தான் தெரியும். 2022இல் 13 பகுதிகளில் ஒரு அனிமேக்கூட வந்தது. அதுவும் முதல் இரண்டு கேம்களின் கதையோடு நின்றுவிட்டது. ஆனால் ஷென்மூவின் கதையை மட்டும் பிழிந்து எடுத்தால் கிடைப்பது அப்பாவைக் கொன்றவனைத் தேடும் மகன், இரண்டு மந்திரக் கண்ணாடி. அதற்காகவா இத்தனை பேர் இத்தனை வருஷம் நின்றார்கள்?

2025 ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா, எல்லாக் காலத்திலும் அதிகத் தாக்கம் செலுத்திய கேம் எது என்று பொதுமக்களிடம் வாக்குக் கேட்டது. டூம், சூப்பர் மாரியோ பிரதர்ஸ் எல்லாவற்றையும் தாண்டி முதலிடம் ஷென்மூவுக்கு. மாதாமாதம் 3ஆம் தேதி கூடிப் பழகிய கூட்டம், ஓட்டுப்போடத் தெரியாதா என்ன. அதையும் கணக்கில் கொண்டாலும், ஷென்மூவுக்கு இன்னும் கூட்டம் இருக்கிறது என்பது வரை உண்மை.

நான்காம் பாகம் செய்ய ஆசை என்று சுஸுகி பேட்டிகளில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். அவர் பிறந்தது 1958இல். மிச்சம் 60 சதவீதத்தை இதே நடையில் சொல்வதானால் இன்னும் நான்கைந்து கேம் ஆகும், அது நடக்காது. என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்று வரட்டும், அதுவே கடைசி என்று அட்டையிலேயே போட்டு வரட்டும். நடுவில் உள்ள கதையைத் தாராளமாக வெட்டலாம், நாளின் நீளத்தில் கைவைக்க வேண்டாம். முதல் பாகத்தில் 1987 ஏப்ரல் 15 வரை ஒன்றும் செய்யாமல் ஊர்சுற்றிக்கொண்டிருந்தால் லான் டியே திரும்பி வந்து ரியோவைக் கொன்றுவிட்டுப் போவான், கேம் முடிந்துவிடும். கடை திறக்கும் வரை நம்மைக் காக்கவைத்த அதே மனுஷன்தான் அந்தத் தேதியையும் வைத்தார்.