கோலார் தங்கவயல் லைன் வீடுகள்: தொடக்கக்கால உரிமை வரலாறு

ஒரு வீடு யாருடையது என்று அறிய நம் ஊர்ப்பக்கம் பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்துப் பார்ப்போம். கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த 'லைன் வீடு'களுக்கு, குடியிருந்தவர் பெயரில் அப்படி எதுவும் கிடையாது. அந்த வீட்டின் வரலாற்றை அது நின்ற நிலத்தின் குத்தகை வழியாகத்தான் படிக்க வேண்டும்.

நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூரில் குடியேறியவர் மைக்கேல் லவெல் என்னும் அயர்லாந்துக்காரர். கோலாரில் தங்கம் இருப்பதாக லெப்டினன்ட் வாரன் 1802-இல் எழுதிய குறிப்புகளைப் படித்த அவர், 1871-இல் மாட்டுவண்டியில் அங்கு சென்று பார்த்தார். 1873-இல் அனுமதி கேட்டார். மைசூர் அப்போது ஆங்கிலேய ஆணையர் நிர்வாகத்தில் இருந்தது. 1875 பிப்ரவரி 2-இல் அவருக்கு 20 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. கவனிக்க வேண்டியது, அது விற்பனை அன்று, குத்தகை.

கையில் போதிய முதல் இல்லாததால் லவெல் அந்த உரிமையைச் சென்னைப் படை அதிகாரி பெரஸ்ஃபோர்டு குழுவினருக்கு மாற்றிக் கொடுத்தார். 1880-இல் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி உருவானது. அதை நடத்தும் பொறுப்பு லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனத்திடம் வந்தது. சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் எனப் பிற கம்பெனிகளும் கிளம்பின.

கம்பெனி எழுப்பிய வீடுகளில் இரண்டு உலகங்கள் தெரியும். ஐரோப்பிய அதிகாரிகளுக்குத் தோட்டத்துடன் பங்களா. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தொழிலாளர்களுக்கு மூங்கில் தட்டிக் குடிசை வரிசை. தீப்பொறி ஒன்று விழுந்தால் வரிசையே போய்விடும். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சுரங்கத்தின் இயந்திரங்களுக்காக. குடிசைகள் இருட்டில்தான் கிடந்தன.

ஆனால் உரிமை என்று பார்த்தால் பங்களாவில் இருந்த துரைக்கும் அந்த வீடு சொந்தமில்லை. வேறுபாடு இதுதான்: துரைக்குத் திரும்பிச் செல்ல ஊர் இருந்தது. தட்டி வீட்டுக்காரரின் பிள்ளைகளுக்கோ தங்கவயலே ஊராகிவிட்டது. வேலை இருக்கும்வரை வீடு என்ற ஏற்பாட்டில், வேலையை இழந்தவர் கூரையையும் இழந்தார். கூலி உயர்வு கேட்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வந்திருக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பிற்கால மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசுக்கும், 1962-இல் மத்திய அரசுக்கும் சென்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வீடுகள் சுரங்கத்தின் சொத்தாகவே உடன் சென்றன.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகே, மூன்று நான்கு தலைமுறையாக அங்கு வாழ்ந்தவர்கள், இருக்கும் வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதித் தரும்படி கேட்டுப் போராடத் தொடங்கினார்கள்.