கசப்பைக் கலந்தவர் யார்?

சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்டிருப்பீர்கள். வெல்லம், மாங்காய், மேலே வறுத்த வேப்பம்பூ. அந்தப் பூவை எடுத்துவிட்டால் அது வெறும் மாங்காய்ப் பச்சடிதான். கிட்டத்தட்ட இதே கணக்கை ஒருவர் ரம்மில் போட்டுப் பார்த்தார். ஊர் கோலாலம்பூர். வருடம் 1973. (அரசாங்க எச்சரிக்கையை மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள். நாம் பேசப்போவது சரித்திரம் மட்டும்தான்.)

அவர் கை வைத்தது 'டிக்கி' காக்டெயிலில். கார் டிக்கி இல்லை! பாலினேசியத் தீவுகளில் மரத்திலும் கல்லிலும் செதுக்கும் மனித உருவத்துக்கு அந்தப் பெயர். அதற்கும் ரம்முக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் கிடையாது. அதுதான் வேடிக்கை.

அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியது 1933 டிசம்பரில். அந்தச் சூட்டோடு எர்னெஸ்ட் கான்ட் என்ற ஊர்சுற்றி ஹாலிவுட்டில் சின்னதாக ஒரு பார் திறந்தார். மூங்கில், கீற்று, மங்கலான விளக்கு என்று தென்கடல் தீவு மாதிரி ஒரு செட். சரக்கு மட்டும் கரீபியன் ரம், ஏனென்றால் அப்போது மலிவாகக் கிடைத்தது அதுதான். வேஷம் ஒரு கடல், சரக்கு இன்னொரு கடல்! எலுமிச்சை, சர்க்கரைப்பாகு, இரண்டு மூன்று வகை ரம் கலந்து கொடுத்தார். கூட்டம் அள்ளியது. பிறகு தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார்.

மனிதர் பயங்கர ரகசியக்காரர். பாட்டில்களில் பெயருக்குப் பதிலாக எண்கள். கலந்து கொடுக்கும் ஊழியருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஷேக்கரைக் குலுக்கியவர்களில் பலர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். பெயர் முதலாளிக்கு, கைவலி இவர்களுக்கு. அவர்களில் ஒருவரான ரே புஹென் 1961-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'டிக்கி-டி' என்று சொந்தக் கடை போட்டார். அப்படிக் கடை போட்டவர்கள் ரொம்பக் குறைவு.

ஓக்லண்டில் விக்டர் பெர்ஜரான் என்பவர் 1944-ல் 'மாய் டாய்' கலந்தார். 17 வருடம் ஊறிய ஜமைக்கா ரம், எலுமிச்சை, ஆரஞ்சு மது, பாதாம் பாகு. அது என் சரக்கின் நகல் என்றார் டான் பீச். இரண்டு முதலாளிகளும் தொழிலில் போட்டியாளர்கள்.

இந்த மோஸ்தர் உலகம் சுற்றி கோலாலம்பூர் ஹில்டனுக்கும் வந்துசேர்ந்தது. அங்கே பாரின் பெயர் 'ஏவியரி', அதாவது பறவைக்கூடம். ஹோட்டல் திறந்தபோது வருகிற விருந்தாளிகளுக்கு வரவேற்பு பானம் வேண்டுமே? மதுப் பிரிவைக் கவனித்துவந்த ஜெஃப்ரி ஓங் ஒன்றைத் தயாரித்தார். பெயர் 'ஜங்கிள் பேர்ட்'. பறவை வடிவப் பீங்கான் குவளையில் கொடுத்தார்கள்.

ரம் 45 மில்லி. அன்னாசிச் சாறு 120. எலுமிச்சைச் சாறு 15, சர்க்கரைப்பாகு 15. இதுவரை வழக்கமான டிக்கிதான். அடுத்து ஓங் ஊற்றியது கம்பாரி. 1860-ல் இத்தாலியில் கஸ்பாரே கம்பாரி கண்டுபிடித்த, ரத்தச் சிவப்பான, நாக்கை மடக்கும் கசப்பு மது. (அந்தச் சிவப்பை ரொம்ப காலம் ஒரு பூச்சியிலிருந்துதான் எடுத்தார்கள் என்பது கொசுறுத் தகவல்.) டான் பீச்சும் கசப்பு சேர்த்திருக்கிறார், ஆனால் சொட்டுக் கணக்கில். ஓங் ஊற்றியது ரம்மில் பாதி, 22 மில்லி! முதல் வாயில் அன்னாசி இனிக்கும். விழுங்கிய பிறகு தொண்டையில் கசப்பு எட்டிப் பார்க்கும்.

அப்புறம் அப்படியே மறந்துபோனார்கள். 1989-ல் ஜான் பாய்ஸ்டர் எழுதிய அமெரிக்கக் காக்டெயில் புத்தகத்தில் செய்முறை வந்தது. அதிலிருந்து தோண்டியெடுத்து ஜெஃப் பெர்ரி தன் 2002 புத்தகத்தில் போட்டார். பிறகு நியூயார்க்கில் கியூசெப்பே கோன்ஸாலெஸ் அன்னாசியை 45 மில்லியாகக் குறைத்து, மொலாசஸ் வாசனை தூக்கும் கறுப்பு ரம்மை ஊற்றினார். ஒளிந்திருந்த கசப்பு முன்னால் வந்து நின்றது. உலகமெங்கும் பார்களில் பரவியது அந்த வடிவம்தான்.

இத்தனைக்கும் நடுவில் ஓங்கின் பெயர் எங்கேயும் இல்லை. ஹோட்டல் பெயர் இருந்தது, ஊர் பெயர் இருந்தது. வருடத்தைக்கூட 1978 என்று தப்பாகவே எழுதிவந்தார்கள். மலேசியாவில் சிலர் விடாமல் விசாரித்த பிறகுதான் 1973 என்ற வருடமும் ஜெஃப்ரி ஓங் என்ற பெயரும் வெளியே வந்தன. நல்லவேளை, அப்போது அவர் உயிரோடு இருந்தார். 2019-ல் காலமானார். அந்தப் பழைய ஹில்டன் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள்.