மருந்தா, துளையா? எம்-16 விவாதமும் இந்திய எஸ்.எல்.ஆர். தோட்டாவும்

தானே ரவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளின் தோட்டா வரலாற்றைப் பேசும் எவரும் ஜேம்ஸ் ஃபாலோஸைத் தாண்டிப் போக முடியாது. 1981 ஜூனில் 'தி அட்லாண்டிக்' இதழில் அவர் எழுதிய எம்-16 கட்டுரையும், அதே ஆண்டு வெளியான 'நேஷனல் டிஃபென்ஸ்' நூலும் இந்தத் துறையின் பொதுப்புத்தியையே வடிவமைத்துவிட்டன. அவர் சொல்லும் கதை எளிது. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த அந்தத் துப்பாக்கி ஐ.எம்.ஆர். 4475 என்ற வெடிமருந்தோடு ஒழுங்காக இயங்கியது. அமெரிக்கத் தளவாடத் துறை, வினாடிக்கு 3,250 அடி என்ற வேகத்தை வற்புறுத்தி, டபிள்யூ.சி. 846 என்ற உருண்டை மணி மருந்துக்கு மாறியது. சுடும் வேகம் எகிறியது, கசடு சேர்ந்தது, வியட்நாமில் துப்பாக்கி சிக்கிக்கொண்டது, வீரர்கள் செத்தார்கள். 1967இல் இதை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்ட் துணைக்குழுவும் ஏறத்தாழ இதையே சொன்னது.

நடந்தவற்றை அவர் சரியாகத்தான் சொல்கிறார். எனக்கு உடன்பாடில்லாதது அவர் குற்றவாளியைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில். டபிள்யூ.சி. 846 புதிய சரக்கல்ல. அது ஏற்கெனவே 7.62 நேட்டோ தோட்டாவில் இருந்தது. எம்-14 துப்பாக்கி அதைச் சுட்டது. அங்கே எந்த விசாரணைக் குழுவும் அமைக்கப்படவில்லை. ஒரே மருந்து ஓரிடத்தில் வில்லன், இன்னோரிடத்தில் அப்பாவி என்றால், வேறுபாட்டை மருந்துக்கு வெளியே தேட வேண்டாமா? எம்-14இன் பிஸ்டன், தனக்கு வேண்டிய வாயு கிடைத்ததும் நகர்ந்து, குழலிலிருந்து வாயு வரும் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். எம்-16இல் மெல்லிய குழாய் ஒன்று வாயுவை நேராகப் பூட்டின் உள்ளே கொண்டுபோய் விடுகிறது. கூடினாலும் குறைந்தாலும் திருத்த வழியில்லை. மருந்தில் அமிலத்தை முறிக்கச் சேர்த்த கால்சியம் கார்பனேட் அந்தக் குழாயில்தான் படிந்தது. அறைக்குக் குரோமியப் பூச்சும் தொடக்கத்தில் கிடையாது. துடைக்கும் சாமான்கள் போதாமல் போனதையும் ஃபாலோஸ் அறிவார். ஆனாலும் அவருக்கு இது அதிகாரிகளின் துரோகக் கதை. துரோகிகள் இருக்கிற கதையில் துளையின் விட்டம் யாருக்கும் சுவாரஸ்யமாக இராது.

இந்தக் கருத்து மாறுபாட்டைச் சோதிக்க நல்ல களம் நம் பக்கமே இருக்கிறது. குன்னூரை அடுத்த அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் ஆலை எழுந்தது. கார்டைட்டின் முதல் கலவையில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு, துப்பாக்கிப் பஞ்சு 37, வாசலின் 5. குழல் அரிப்பைக் குறைக்கப் பிற்பாடு வந்த எம்.டி. வகையில் நைட்ரோகிளிசரின் 30ஆகக் குறைந்தது. த்ரீ நாட் த்ரீ (.303) உறையைப் பிரித்தால் சேமியா போன்ற இழைகள் கட்டாக இருக்கும். அந்தக் கட்டை நுழைத்த பிறகுதான் உறையின் கழுத்தையே ஒடுக்குவார்கள்; ஒடுங்கிய கழுத்து வழியே அது போகாது. கைநெம்புத் துப்பாக்கிக்கு இந்த மருந்து எந்தக் கணத்தில் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்பது பெரிய கவலையல்ல. பூட்டைத் திறப்பது மனிதக் கை.

கவலை, வாயுவால் தானே இயங்கும் பிரென் இயந்திரத் துப்பாக்கியோடுதான் வந்தது. அதன் வாயுச் சீராக்கியில் நான்கு துளைகள். இயக்கம் மந்தமானால் அடுத்த பெரிய துளைக்குத் திருப்பு என்பதே பாடம். கார்டைட் சூட்டில் தானே வெடிக்கும் சுபாவம் கொண்டது என்பதால்தான் பிரிட்டிஷ் விமானங்களின் .303 பிரௌனிங்கைத் திறந்த பூட்டிலிருந்து சுடுமாறு மாற்ற வேண்டியிருந்தது. மருந்தைக் குறைசொல்லாமல் இயந்திரத்தைத் திருத்திய இந்த முன்னுதாரணத்தை ஃபாலோஸ் கணக்கில் எடுத்திருந்தால் அவருடைய கட்டுரையின் தொனி மாறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

1962 சீனப் போருக்குப் பிறகு இந்தியா எஸ்.எல்.ஆருக்கு (தானே ரவை ஏற்றிக்கொள்ளும் 7.62 துப்பாக்கிக்கு) மாறிய கதை தெரிந்ததே: இசாப்பூரின் 1ஏ1, பின்னர் 1966இல் தொடங்கிய திருச்சி ஆலை. எஸ்.எல்.ஆரின் முன்புறம் விரலால் திருகக்கூடிய சீராக்கி இருக்கிறது. முழுக்கத் தளர்த்தினால் வாயு பெரும்பாலும் வெளியே போய்விடும். ஒவ்வொரு ரவையாகச் சுட்டு, உறை நன்றாகத் தெறிக்கும்வரை இறுக்கி, அதற்கு மேல் ஓரிரு 'கிளிக்' கூட்டி வைப்பார்கள். ஆக, ஒரு லாட் மருந்து மற்றொன்றிலிருந்து சற்று விலகினாலும், அதைச் சரிக்கட்டும் பொறுப்பு சிப்பாயின் விரலுக்கு விடப்பட்டிருந்தது.

அடையாறில் ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் வீட்டில் பார்த்த எஸ்.எல்.ஆர். தோட்டாவின் காலி உறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடிப்பக்கத்தில் நான்கு குறிகள்: ஓ.எஃப்.வி., 7.62, எம்80, ஈரிலக்க ஆண்டு. முதலாவது மகாராஷ்டிரத்தின் வரண்காவ் ஆலை. 'எம்80'தான் சிக்கல். அது 147 கிரெய்ன் குண்டு கொண்ட அமெரிக்கத் தோட்டாவின் பெயர். அமெரிக்கப் பெயர் இருக்கிறது, ஆகவே அமெரிக்க உருண்டை மருந்தும் இருந்திருக்கும் என்று ஃபாலோஸின் வழியில் போகிறவர் எளிதில் முடிவுகட்டலாம். நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவிலேயே எம்80 ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளால் நிரப்பப்பட்டது. அந்தக் குறி குண்டையும் அது எட்ட வேண்டிய வேகத்தையும் சொல்கிறதே ஒழிய, உள்ளே எரிந்ததைச் சொல்லவில்லை. த்ரீ நாட் த்ரீயில் 'இசட்' எழுத்து நைட்ரோசெல்லுலோஸ் மருந்தைக் காட்டிக்கொடுக்கும். இங்கே அந்த உதவியும் இல்லை. ஆண்டுக் குறியும் உறைக்கு உரியது, மருந்து லாட்டுக்கு அல்ல. இரண்டுக்கும் இடையே ஓராண்டோ அதிகமோ இருக்கலாம். எனவே கார்டைட்டிலிருந்து விலகிய தேதியை இந்த உறைகளை வைத்து நிர்ணயிக்க முயல்வது வீண் வேலை. சிறு ஆயுதங்களுக்கான மருந்தை அருவங்காடு இன்றும் செய்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

(.303உம் 7.62உம் நம் சட்டத்தில் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட குழல்விட்ட ரகம். கையால் தோட்டா நிரப்பும் பொழுதுபோக்கு இங்கே வளராததற்கு அது ஒரு காரணம்.)

அமெரிக்காவில் அது வளர்ந்தது. ராணுவம் கழித்துவிட்ட எம்1 கரண்ட் துப்பாக்கிகளுக்குக் கையால் தோட்டா நிரப்புகிறவர்கள் பல பத்தாண்டு அனுபவத்தில் கண்டது என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. அறையின் உச்ச அழுத்தம் வரம்புக்குள் இருந்தாலும், மெதுவாக எரியும் மருந்து குழல் முனையருகே உள்ள துளையில் அழுத்தத்தைக் கூட்டி, இயக்கத் தண்டை வளைத்துவிடும். அதனால்தான் ஐ.எம்.ஆர். 4895 போன்ற நடுத்தர வேக மருந்தை விட்டு அவர்கள் நகர்வதில்லை. இன்னொன்று கேப், அதாவது சுடுமுள் அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி. கரண்டின் சுடுமுள்ளுக்குத் தடுப்புச் சுருள்வில் இல்லை. பூட்டு அடைபடும் வேகத்தில் முள் மிதந்து வந்து கேப்பைத் தொடும். கேப் மெலிதாக இருந்தாலோ, சரியாகப் பதியாமல் துருத்தினாலோ, விசையைத் தொடாமலே வெடிக்கும். எஸ்.எல்.ஆரின் மூதாதையான எஃப்.என். துப்பாக்கியில் அந்தச் சுருள்வில் உண்டு. எம்-16இல் இல்லை, 1963இல் முள்ளின் எடையைக் குறைத்துச் சமாளித்தார்கள். பாதுகாப்பான தோட்டா என்று தனியாக ஒன்று இல்லை. இந்தத் துப்பாக்கிக்குப் பாதுகாப்பானது என்றுதான் உண்டு.

எஸ்.எல்.ஆருக்கு விசாரணைக் குழு அமையவில்லை என்பதைக் கொண்டு அது சிக்கவே இல்லை என்று வாதிட முடியாது. புகார் நாடாளுமன்றம்வரை போகும் வழி இரு நாடுகளிலும் ஒன்றல்ல. சீராக்கி இருந்தும், எஸ்.எல்.ஆருக்குப் பின் வந்த இன்சாஸ் துப்பாக்கி கார்கில் போரில் பெயர் கெட்டது. ஆனால் அங்கே எழுந்த முக்கியப் புகார்கள் குளிரில் விரிசல்விட்ட மேகசின் பற்றியவை, மருந்து பற்றியவை அல்ல. அதனால் அது என் வாதத்தை முறிக்கவில்லை; வலுப்படுத்தவும் இல்லை.