எஸ்த்ரான்யார்

மெக்சிகோவின் அர்மாந்தோ மன்சனேரோ எழுதிய 'தே எஸ்த்ரான்யோ' பாடலுக்கு 'உன்னை மிஸ் பண்றேன்' என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 'வெளியிலிருந்து வந்தவர், அயலார்' என்னும் லத்தீன் சொல்லின் வழியே வந்தது ஸ்பானிய 'எஸ்த்ரான்யோ'. அந்நியமான, விசித்திரமான என்று பொருள். அதன் வினையான 'எஸ்த்ரான்யார்' ஒருவரை நாடுகடத்துவதைக் குறித்தது. ஸ்பானிய அகராதிகள் அந்தப் பொருளை இன்னும் தருகின்றன. 'வினோதமாகப் படுதல்' என்ற பொருளும் சேர்ந்து, லத்தீன் அமெரிக்காவில் பிரிவின் வலியைச் சொல்லும் அன்றாடச் சொல்லாகிவிட்டது. வேண்டியவர் இல்லாதபோது பழகிய தெருவே அந்நியமாகிப் போகிறதே, அந்தத் திசை தெரியாத தவிப்பு இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பெயினில் பெரிதும் வழங்கும் 'எச்சார் தே மேனோஸ்' வேறு வழி வந்தது. 'குறையக் காணுதல்' என்னும் போர்த்துகீசியத் தொடரின் மருவல். தமிழில் 'ஏங்குகிறேன்' என்பது ஆசையைச் சொல்லும், திகைப்பைச் சொல்லாது. 'நீ இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது' என்பதையே நான் எடுப்பேன்.