கிளிவெட்டி வாய்க்கால் கரை

ஓடப் பழகுவோருக்கு வாய்க்கால் கட்டைப் போல் இசைவான பாதை அரிது. ஏற்ற இறக்கம் குறைவு. ஒரு புறம் நீர், மறு புறம் வயல். இங்கிலாந்தில் படகிழுத்த குதிரைகளுக்காக அமைத்த கரைகளில் இன்று ஓட்டக்காரர்கள் செல்கின்றனர். கிளிவெட்டிப் பக்கத்துக் கட்டுகளோ மகாவலி நீரை வயலுக்குக் கொண்டுவரும் அல்லைத் திட்டத்தைச் சேர்ந்தவை.

அந்த மகாவலி நீரை முன்னிட்டுத்தான் 2006 ஜூலையில் மீண்டும் போர் மூண்டது. விடுதலைப் புலிகள் மாவிலாற்று மதகை மூடினர். அரசு விமானங்கள் குண்டு வீசின. 2002இன் போர்நிறுத்தம் ஏட்டளவில் எஞ்சியது. (நீர் ஒரு சாட்டு என்பதே என் எண்ணம், இரு தரப்பும் முன்னரே ஆயத்தமாகத்தான் இருந்தன.) ஆகஸ்டில் மதகு திறந்தது, போர் ஓயவில்லை. செப்டம்பரில் சம்பூர் படையினர் வசமாயிற்று. இடம்பெயர்ந்த சம்பூர் மக்களில் பலர் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். காணிகள் பெருமளவில் திரும்பக் கிடைத்தது 2015க்குப் பின்னர்தான்.